பாரிவாக்கம் பெரிய வீட்டின் பின்சுவர்க் குழாய்

தலைமுறைகள் வாழ்ந்த தம் இல்லத்தை ஊருக்கு ஈந்து, அருங்காட்சியகத்தின் இந்த முதலாமாண்டு விழாவுக்குத் தலைமையும் ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஹேமநாதன் அவர்களே, குழுவின் ஆன்றோர்களே, பாரிவாக்கத்துப் பெரியோர்களே, பந்தலின் பாதியை நிறைத்திருக்கும் தாய்மார்களே, ஆவடி குடியிருப்பிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் என் பழைய தோழர்களே, அனைவருக்கும் உலகநாதனின் வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. வழி தவறிவிடுவேன் என்று அஞ்சி மூன்று குறிப்புகள் எழுதி வந்திருக்கிறேன்.

1. இந்த வீட்டின் வயது.
2. பின்சுவரில் இருக்கும் கல்குழாய் எதற்கு?
3. அதன் பலகையை மாற்றுவது பற்றிக் குழு கூடி நிதானமாக முடிவெடுக்க வேண்டும்.

"சத்தமா பேசு நைனா, ஒண்ணும் கேக்கல" என்கிறார் கடைசி வரிசைத் தம்பி. மன்னியுங்கள் தம்பி, தாளைப் பார்த்து மைக்கை மறந்துவிட்டேன்.

முதலில் வயது. முந்நூறு என்கிறது பத்திரம். இருநூற்றைம்பது என்கிறார் செங்கல்லைச் சோதித்த பொறியாளர். பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் அளவு சரிபார்த்தவன் நான். எது சரி? எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது குழாய். இந்த வீட்டில் நீங்கள் காணும் விளக்கப் பலகைகள் எல்லாம் நான் எழுதியவை. பின்சுவரில், இடுப்பு உயரத்தில், முழ நீளத்தில் ஒரு கல்குழாய். உள்முனை இரண்டு விரற்கடை உயர்ந்து, வெளிமுனை தாழ்ந்திருந்தது. அளந்தேன், 'மழைநீர் வடிகுழாய்' என்று எழுதினேன்.

போன மாதம், எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்த நாகவல்லி அம்மாள் வீட்டைப் பார்க்க வந்தார். பலகையைப் படித்துச் சிரித்தார்.

"இன்னா சார், மழை ஊட்டுக்குள்ள பெஞ்சி வெளிய வருமா?"

"முற்றத்துத் தண்ணீர் அம்மா."

"முத்தத்துத் தண்ணி தரையில ஓடும். இடுப்பு ஒசரத்துக்கு ஏறிகினா வரும்? இத்தினி வருசம் இன்னாத்த அளந்தீங்க?"

பிறகு சுவருக்கு வெளியே போய், குழாயின் வாய்க்குக் கீழே குனிந்து இரு கைகளையும் குவித்தார்.

"எங்கம்மா பார்வதம் இப்டிதான் நிப்பா. அறுப்பு முடிச்சிகினு வந்தா, உள்ளேர்ந்து சொம்புல ஊத்துவாங்க. சொம்பு எங்க மேல படக்கூடாது. நான் அப்ப சின்னப் புள்ள, என் கையில தண்ணி நிக்காது. அம்மா கையிலேர்ந்து குடிப்பேன். விழா முடிஞ்சி வர்ற திங்கக்கெழம என் பேத்தி ஸ்கூல்ல இங்க கூட்டினு வராங்க. மழைன்னு எழுதிகினு போய்டும் சார். மாத்துங்க. எங்கம்மா குடிச்சது மழை இல்ல."

ஒருவர் நினைவு மட்டும் சான்றாகுமா என்று குழம்பினேன். மறுநாள் உள்ளிருந்து சொம்பால் ஊற்றிப் பார்த்தேன். சுவரில் ஒரு சொட்டும் சிந்தாமல், அவர் கை குவித்த இடத்திலேயே விழுந்தது நீர். கல்லை அளந்தேனே, கல்லுக்குக் கீழே கை ஏந்தியவரை எண்ணினேனா? சரிவைக் கண்டேனே, சரிவின் முடிவில் நின்றவரைக் கண்டேனா? தூணைப் புகழ்ந்தேன், கதவைப் புகழ்ந்தேன், நான் பார்த்தது எந்த வீட்டை?

தலைவரிடம் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "எங்க தாத்தா நல்லவருங்க ஐயா. இதை எழுதினா ஜனங்க என்ன நினைப்பாங்க? கமிட்டியில பேசிக்கலாம்" என்றார். நல்லவர்தான், நாகவல்லி அம்மாளும் அவரைக் குறை சொல்லவில்லை. நல்லவர் வீட்டில் இந்தக் குழாய் ஏன் இருந்தது? எத்தனை இரவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

ஆகவே மூன்றாவது குறிப்பு. குழு அடுத்த மாதம் கூடுகிறது. அப்போது நிதானமாக...

"அதுவரிக்கும் மழையே பெய்யட்டுமா சார்?"

மூன்றாம் வரிசையிலிருந்து கேட்பவர் நாகவல்லி அம்மாள்தான். எல்லோரும் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மா. குழு கூடும் முன் திங்கள் வந்துவிடும். உங்கள் பேத்தியும் வந்துவிடுவாள்.

தலைவர் அவர்களே, பொறுத்தருளுங்கள். அந்தப் பலகையைக் குழு எழுதவில்லை, நான் எழுதினேன். 'வயலில் உழைத்தவர்களுக்கு உள்ளிருந்து தண்ணீர் ஊற்றிய குழாய். பார்வதம் இங்கே நின்று குடித்தார். சொன்னவர், மகள் நாகவல்லி.' இவ்வளவுதான் எழுதப்போகிறேன். உங்கள் தாத்தாவைப் பற்றி நீங்கள் சொன்னால் அதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

தடுமாறியவனைத் தாங்கிக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். நான் நாற்காலிக்குத் திரும்பவில்லை, பின்சுவருக்குப் போகிறேன். என் மூன்றாவது குறிப்பு தவறு.