பொன்னுத்தங்கம் கோட்டையின் கடைசி லெவல்

...அந்தச் செங்கல் கண்ணுக்கே தெரியாது, நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, தெரிஞ்சாத்தானே ஒதுங்கிப் போவோம்? தவளை பாட்டுக்கு அழகா ஒரு தாவு தாவுது... டங்குன்னு மண்டையில ஒரு இடி! வெறும் காத்துல! அங்கன செங்கல் இருக்குன்னு சாமிக்குத் தெரியும், எம் மருமகளுக்குத் தெரியும், வேற யாருக்குத் தெரியும்? நேரா பள்ளத்துல பொத்துன்னு விளுந்து செத்துப் போச்சு. இதெல்லாம் ஒரு ஆட்டமா? இதெல்லாம் ஒரு... வாங்க, வாங்க, ஏன் வாசல்லயே நிக்கீக? உள்ள வந்து ஒக்காருங்க. என்ன வேணும்? கோயில் கொடைக்கு வாணமா? எடுத்துருவோம், எங்க போயிறப் போகுது. பையன் மணிகண்டராஜ் லோடு ஏத்தப் போயிருக்கான், இப்ப வந்துருவான். ஃபேன் போடவா?

பில்லு போட்டுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சீகளா? பில்லு போட ஆளு வரணும்ல! தீபாவளிக்கு இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு. ஆட்டம் ஆடுறேன். ஆமா, நாந்தேன். சிரிக்காதீக. அம்பத்தாறு வயசு, பேரு பொன்னுத்தங்கம், இந்தப் பட்டாசுக் கடைக்கு மொதலாளி. தவளை ஆட்டத்துல, சும்மா சொல்லக் கூடாது, இந்தச் சிவகாசியில என்னைய அடிச்சுக்க ஆளு கெடையாது.

தவளை ஆட்டம் தெரியாதா? என்ன அண்ணாச்சி நீங்க! பழைய ஆட்டம். தவளை ஒண்ணு ஓடும், தாவும், காசு பொறுக்கும், கடைசில கொடியைத் தொட்டா ஜெயிச்சாச்சு. அம்புட்டுத்தேன். எந்த ஊருக்காரனோ முப்பது வருசத்துக்கு முந்தி போட்டது. இப்ப என்னன்னா, அதுமேல பித்துப் புடிச்ச பயலுக அந்த ஆட்டத்தையே பிரிச்சு, உள்ள இருக்குற மேடு பள்ளத்தையெல்லாம் மாத்தி, தானா புதுசு புதுசா லெவல் கட்டி, இன்டர்நெட்ல ஓசிக்கு விடுறானுக. அதுக்கு மாட்-னு பேரு. காசு கெடையாது, கஞ்சி கெடையாது, ஊரான் ஆட்டத்துக்கு இவன் ஒக்காந்து செவுரு கட்டுறான்! பைத்தியக்காரப் பயலுகன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, எம் வீட்டுக்கே ஒரு பைத்தியம் வாக்கப்பட்டு வந்திருக்கு.

மருமக ஹர்ஷினி. விருதுநகர்க்காரி, மொளகா வத்தல் கமிசன் கடை வீட்டுப் புள்ள. கல்யாணமாகி வந்த புதுசுல எனக்கும் அவளுக்கும் பேச ஒண்ணுமே இல்ல. நான் சீரியலப் பாப்பேன், அவ லேப்டாப்பைப் பாப்பா. சாப்பிட்டீகளா அத்தை, சாப்பிட்டேத்தா, அம்புட்டுத்தேன் பேச்சு. ஒருநா மெதுவா எட்டிப் பாத்தேன். 'ஆடிப் பாக்கீகளா அத்தை'ன்னா. தொட்டேன்... கெட்டேன்!

ஆனா அண்ணாச்சி, அவளுக்குக் கை இருக்கு. அதைச் சொல்லணும். ஒரு வித்தையை மொதல்ல வெறும் தரையில வைப்பா, தப்பாப் போனாலும் சாக மாட்டோம். அப்புறம் அதையே பள்ளத்துக்கு மேல வைப்பா. அப்புறம் அதையே முள்ளுக்கு நடுவுல! நம்மளுக்கே தெரியாம நம்ம வெரலு கத்துக்கிரும். மத்தவன் போடுறது அப்படியா? எங்க பாத்தாலும் முள்ளு. முள்ளு போட்டுட்டா கஷ்டமான லெவல்னு நெனப்பு. நம்ம ஊரு கம்மா பூராம் கருவேல முள்ளுதேன் கெடக்கு, அது ஆட்டமாயிருமா? வெம்பக்கோட்டைக்காரன் ஒருத்தன் போடுறான், சோணைமுத்துன்னு பேரு. அவன் மாட்ல தவளைக்கு அப்பா செத்துப் போச்சு, ஆத்தா செத்துப் போச்சு, ஊரே தீப்புடிச்சுப் போச்சு, ஒரே கருப்பு, அழுக அழுக எழுத்தா ஓடுது, ஓடுது, ஓடுது... ஏலே, தாவ விடுலே! அப்புறம் இவனுக அத்தனை பேருக்கும் பனிக்கட்டி லெவல் ஒண்ணு போட்டே ஆகணும், வழுக்கி வழுக்கி இடுப்பு போயிரும். தண்ணி லெவல் ஒண்ணு. நமக்குக் கொழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு, இவனுகளுக்குத் தண்ணி லெவல் கேக்குது!

எங்க விட்டேன்... ஆங், மருமக. நல்லாத்தேன் போட்டுக்கிட்டு இருந்தா. என் வாய் சும்மா இருக்குமா? 'ஏத்தா, ஒன் லெவலு சப்புன்னு இருக்கு, உப்பு ஒறப்பு இல்ல'ன்னு சொல்லிப்புட்டேன். மொளகா யாவாரி மகள்ட்ட போயி ஒறப்பு இல்லன்னா விடுவாளா! அன்னைக்கு ஆரம்பிச்சா அண்ணாச்சி. காசு வரிசையா இருந்தா அந்தப் பக்கம் வழி இருக்குன்னு அர்த்தம், அதான் இந்த ஆட்டத்துக்கு மரியாதை. இவ காசைப் போட்டுப் போட்டு கூட்டிட்டுப் போயி முள்ளுல எறக்குறா! நானும் யாவாரி, காசைக் கண்டா கை விடுதா? போர்டு ஒண்ணு வச்சிருந்தா, 'அத்தை, இப்படி வாங்க'ன்னு. மரியாதையாக் கூப்புடுறாளேன்னு போறேன்... மேல இருந்து கல்லு! கொடியைத் தொடுறேன், மேளம் கொட்டுது, ஜெயிச்சுட்டோம்னு கையத் தூக்குறேன்... கொடிக்கம்பு சாஞ்சு தவளை மேலயே விளுந்து செத்துருச்சு. பொய்க் கொடி! அடுப்படியில நின்னுக்கிட்டு அவ சிரிக்கிறா. எனக்கும் சிரிப்பு வந்திருச்சு. சிரிச்சு சிரிச்சு கொளம்பு அடி புடிச்சுப் போச்சு.

பழைய ஆட்டத்துல குளவி பறந்து வந்து கொட்டும். இவ குளவியைத் தூக்கிட்டு, மஞ்சப்பையும் கையுமா கஸ்டமரை விட்டிருக்கா! கோவிச்சுக்காதீக, ஒங்களச் சொல்லல. அவுக வந்து தொட்டா நம்ம காசு பாதியாக் கொறைஞ்சிரும். கடைசில ஒரு கோட்டை. உள்ள ஒரு ராட்சசி. யாருன்றீக? நாந்தேன்! கண்ணாடி, ரெட்டைக்கல்லு மூக்குத்தி, எல்லாம் அச்சு அசலா. கிப்ட் பாக்ஸைத் தூக்கித் தூக்கி எறியுறேன். அதுக்குப் பேரே 'பொன்னுத்தங்கம் கோட்டை'! மூணு வாட்டி தலையில ஏறி மிதிச்சாத்தேன் சாவேனாம். எந்தலையில நானே ஏறி மிதிக்கேன் அண்ணாச்சி, இந்தக் கொடுமையை எங்க போயிச் சொல்ல! பிரேசில்ல இருந்து ஒருத்தன் எழுதியிருக்கான், 'இந்த அம்மாவை ஜெயிக்கவே முடியல'ன்னு. எனக்குப் பெருமை தாங்கல. தெரு பூராம் போயிச் சொன்னேன்.

அந்தப் பெருமைதேன் இப்ப வெனையா வந்து நிக்குது. பெங்களூர்ல ஒரு கேம் கம்பெனிக்காரன் அந்தக் கோட்டையைப் பாத்துட்டு இவளை வேலைக்குக் கூப்புடுறான். மேடு பள்ளம் போடுறதுக்குச் சம்பளமாம்! இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். அவ புருசன், எம் மகன் மணி என்ன சொல்றான்? 'அம்மா சரின்னா சரி, நானும் அங்கன பாதி இங்கன பாதி இருந்து கர்நாடகா ஆர்டரைப் பாத்துக்கிறேன்'றான். அவளும் வந்து எம் முன்னால நின்னு, 'போகட்டுமா அத்தை'ன்னு கேட்டா.

வேற மாமியாளா இருந்தா போன்னு சொல்லியிருப்பா, இல்ல போகாதேன்னு சொல்லியிருப்பா. நான் பந்தயம் கட்டுனேன்! 'நீ ஒரு லெவல் போடு. நான் முடிச்சுட்டா நீ இங்கனயே இருக்கணும். முடிக்க முடியலன்னா போயிட்டு வா'ன்னேன். எந்தக் கூறுகெட்ட சிறுக்கியாச்சும் இதுக்குப் பந்தயம் கட்டுவாளா? எப்படியும் ஜெயிச்சிருவோம்னு ஒரு திமிரு. அவ போயிட்டா எனக்கு யாரு அண்ணாச்சி லெவல் போடுறது? யாரோட மல்லுக்கட்டுறது? ஒளிச்சுப் பேசி என்ன ஆகப் போகுது, அந்தப் புள்ள இல்லாத வீட்டை எனக்கு நெனச்சுப் பாக்கவே முடியல. திரும்பவும் சீரியலா? அய்யய்ய...

அந்தக் கடைசி லெவல்தேன் இது. அம்புட்டும் தாண்டிட்டேன், செங்கலு, பொய்க் கொடி, மஞ்சப்பை எல்லாம். இந்த ஒரே ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன். கிட்ட வாங்க, காட்டுறேன். இந்தா, வானத்தை முட்டுற மாதிரி ஒரு செவுரு. செவுத்துக்கு இங்கிட்டு பெரிய ராக்கெட்டு ஒண்ணு படுத்துக் கெடக்கு, அதுமேல தவளை. பக்கத்துல தீப்பெட்டி. அதைத் தொட்டா திரி பத்திக்கிரும். இந்தா தொட்டுட்டேன்... பாருங்க, திரி பொகையுது... ஓடு, ஓடு, ஓடு! ராக்கெட்டு போயிருச்சு. நான் தப்பிச்சுட்டேன். தப்பிச்சா? தரை ஒடைஞ்சு உள்ள விளுந்துட்டேன். பாத்தீகளா அநியாயத்தை? இதே கததேன் காலையில இருந்து.

இன்னும் வேகமா ஓடிப் பாத்தேன். செவுத்துல கண்ணுக்குத் தெரியாத செங்கல் இருக்கும்னு முட்டி முட்டிப் பாத்தேன், தவளைக்கு மண்டை வீங்கியிருக்கும். ஒண்ணும் நடக்கல. திரியில நெருப்பைக் கண்டா எங்க ஊர்ல பொறந்த புள்ள என்ன செய்யும்? திரும்பிப் பாக்காம ஓடும். நடக்கப் பளகுன கையோட அதைத்தேன் பளக்குறோம். அதைவிட வேகமா நான் எப்படி ஓட? சரி, இன்னொரு தடவை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கீக. ஏறிட்டேன்... தீப்பெட்டி... தொட்டாச்சு, திரி பத்திருச்சு, இப்ப ஓட...

என்னது? டிஸ்கவுண்டா?

ஏ அண்ணாச்சி, இம்புட்டு நேரம் ஒரு வார்த்தை பேசல, தங்கமான மனுசன்னு நெனச்சேன், வாயைத் தொறந்ததும் டிஸ்கவுண்டா! இங்க பாருங்க, இங்க, எம் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. நாங்க குடுக்குற வெலைக்கு இந்தத் தெருவுல எவனாச்சும் குடுப்பானா? இதுக்கு மேல எங்க போயிக் கொறைக்க? பட்டாசுக் கம்பெனிக்காரன் என்னைய... என்ன? பின்னாடி என்ன? என்னத்தைக் கையக் காட்டுறீக? ஐயோ, ஆட்டத்தை அப்படியே விட்டுட்டேன்! செத்திருக்கும்...

ஏ... ஏ அண்ணாச்சி! பறக்குது! தவளை பறக்குது! ராக்கெட்டு மேலயே ஒக்காந்து பறக்குது! செவுத்தைத் தாண்டிருச்சு... கொடி! தொட்டுருச்சு! நெசக் கொடிதானா? சாயலையே... சாயல! ஜெயிச்சுட்டேன்! ஓடாம ஒக்காந்திருக்கணுமாம்ல! திரி பத்துனா சும்மா ஒக்காந்திருக்கணுமாம்! அடிப்பாவி மகளே, நான் ஒக்கார மாட்டேன்னு தெரிஞ்சே போட்டிருக்கா பாருங்க! மொளகா கடைக்காரிக்கு எம்புட்டு மூளை! ஒங்களாலதேன் அண்ணாச்சி, நீங்க மட்டும் டிஸ்கவுண்டு கேக்கலன்னா நான் இன்னமும் ஓடிக்கிட்டேல்ல இருப்பேன்! ஜெயிச்சுட்டேன், அவ போகல! எங்கயும் போகல!

இருங்க, இருங்க, போயிறாதீக. இனிமேத்தேன் ரூம் வரும். முடிச்சவுகளுக்குன்னு எல்லா மாட்லயும் கடைசில ஒரு ரூம் வச்சிருப்பானுக, போட்டவன் அதுல நின்னுக்கிட்டு பெருமை பீத்துவான். இவ எப்பவும் என்னையக் கேலி பண்ணி ஏதாச்சும்... அட, நம்ம கடை! இந்தக் கல்லா, இந்த ஃபேனு, இந்தச் சாமி படம் கூட. கல்லாவுல மூக்குத்தி போட்ட தவளை. நாந்தேன். பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒரு குட்டித் தவளை, லேப்டாப்பும் கையுமா. அவதேன். எம்புட்டு லட்சணமா வரைஞ்சிருக்கா... சொன்ன சொல்லு மாறாம இங்கனயே இருந்துருவா அண்ணாச்சி.

சரி, வெளிய எப்படிப் போறது? இங்கிட்டு செவுரு. அங்கிட்டும் செவுரு. கீழ...? கதவைக் காணோமே.

இல்ல அண்ணாச்சி, மறந்திருக்க மாட்டா. பட்டாசு ஷெட்டு பாத்திருக்கீகளா? எதுத்து எதுத்தாப்புல கதவு வச்சிருப்போம். எந்தப் பக்கம் நெருப்புன்னாலும் அடுத்த பக்கமா ஓடிறணும்ல. கதவு இல்லாத ரூமுல எங்க ஊர்ல யாரும் யாரையும் ஒக்கார வைக்க மாட்டோம். அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நாந்தேன், 'ரூம் கட்டுனா ரெண்டு கதவு வையித்தா, ஆட்டமா இருந்தாலும் மனசு கேக்கல'ன்னு. அன்னைல இருந்து எல்லா ரூமுக்கும் ரெண்டு கதவு வச்சா. இதுக்கு வைக்கல. அந்தக் குட்டித் தவளையைப் பாருங்க... சிரிச்ச மூஞ்சியா வேற வரைஞ்சிருக்கா.

ஏன் வைக்கலன்னு கேக்கீகளா? யாரு வைக்க விட்டா? நான் கட்டுன பந்தயந்தானே! போகாதேன்னு சொல்லியிருந்தாலாச்சும் அந்தப் புள்ள எங்கூடச் சண்டை போட்டிருக்கும். ஆட்டம், ஆட்டம்னு சொல்லி வாயை அடைச்சுட்டேன்.

ச்சீ. இந்தக் கம்ப்யூட்டர் வயரைப் புடுங்குங்க அண்ணாச்சி. ஆமா, அதேன், செவுத்துல இருக்குறது. பட்டனை அமுக்குனாத்தேன் ஜெயிச்சது பதிவாகும், நான் அமுக்கல. புடுங்குங்கன்னா! ...ஆச்சு. போச்சு. நீங்க ஒண்ணும் பாக்கல. பாத்தீகளா? அப்படித்தேன், பாக்கல. இருவது பர்சென்ட்டு டிஸ்கவுண்டு. இருவத்தஞ்சு. எம் மருமக வந்தா வாயைத் தொறக்கப்பிடாது.

ஏத்தா ஹர்ஷினீ! கீழ எறங்கி வா! வரும்போது செல்லை எடுத்துட்டு வா! ...ஆமாத்தா, தோத்துட்டேன். அந்தத் திரிகிட்டதேன். காலையில இருந்து ஓடுறேன், முடியல. வயரு புடுங்கிக் கெடக்கா? கோவத்துல நாந்தேன் புடுங்குனேன். அண்ணாச்சியக் கேளு, பூராம் பாத்துக்கிட்டேதேன் இருந்தாக... பாத்தியா, பெரிய மனுசன் தலையை ஆட்டுறாகள்ல. கம்பெனிக்குப் போன் போடு. சாயங்காலம் என்ன சாயங்காலம், எம் முன்னாடியே போடு, வாரேன்னு சொல்லு. ஏன்த்தா அழுகுற, ஜெயிச்சவ அழுவாளா? நான் எங்க அழுதேன், எனக்கு வேர்வை. போடு போனை! ஒண்ணு மட்டும் கேட்டுக்க, அங்கன போயிப் போடுற மொத லெவலு எனக்குத்தேன் வரணும். சப்புன்னு மட்டும் போட்ட... பெங்களூருக்கு பஸ் ஏறி வந்து ஒன் மொதலாளி முன்னாலயே சண்டை போடுவேன், ஆமா!