விமானியை உட்கார வைத்த கூட்டம்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் வேதாச்சலம் அவர்களே, புத்தூர்ச் சீமையின் பொறுமைமிகு பெரியோர்களே, பிள்ளையை இடுப்பில் தாங்கி நிற்கும் தாய்மார்களே, இந்த வட எல்லையைத் தமிழகத்தோடு சேர்க்க என்னோடு சிறை புகுந்த தோழர்களே! வணக்கம்.

எல்லைப் போரில் முழங்கினான் என்று இந்தச் செங்கல்வராயனுக்குப் பொன்னாடை போர்த்த வந்திருக்கிறீர்கள். வேண்டாம். வெட்கமாக இருக்கிறது. தலைவர் அவர்களே, அதை மடித்து வையுங்கள். கைதட்டாதீர்கள் ஐயா, முழுதும் கேளுங்கள்.

சென்ற மாதம் நம் எல்லைக் கூட்டத்தன்று வானத்திலிருந்து ஒரு மனிதர் வந்தாரே, மறந்தீர்களா? எரிந்த விமானம் ஏரிக்கு அப்பால் விழுந்தது. விமானி மட்டும் பாராசூட்டில் கடலைக் கொல்லையில் இறங்கினார். அவரை வெளியே எறிந்து காத்தது ஒரு நாற்காலி! அதன் அடியில் வெடிமருந்து. பிடியை இழுத்தால் ஆளோடு மேலே பாயும். அதை ஆக்கியவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் மூட்டையை ஏற்றிச் சோதித்தார்கள். பிறகு மனிதனே துணிந்து உட்கார்ந்தான். முதுகெலும்பு முறியக் கூடாதே, முறியக் கூடாதே என்று மருந்தைப் பிரித்துப் பிரித்து வெடிக்க வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அஞ்சி அஞ்சிச் செய்தார்கள்.

அப்படிக் காத்த முதுகை நாம் என்ன செய்தோம்? விருந்தாளி என்று தூக்கி வந்தோம். இதே மேடையில் நாற்காலி போட்டோம், மாலை போட்டோம், அதற்குமேல் நான் பேச்சும் போட்டேன்! எவ்வளவு நேரம்? 'முக்கால் மணி' என்கிறாரே முன்வரிசையில் இருக்கும் முனிரத்தினம், அவ்வளவு நேரம். அவர் முகம் வேர்த்தது, விசிறச் சொன்னேன். உதடு துடித்தது, எல்லைக்காக உருகுகிறார் என்றேன். தமிழே தெரியாத மனிதர்!

ஒருத்திக்குத் தெரிந்தது. கூலி வேலை செய்யும் செல்லியம்மா. "சாமி, அந்த ஆளால ஒக்கார முடியல. கட்டில் கொண்டாந்து படுக்க வையி" என்றாள். நான் சொன்னது என்ன? "மீட்டிங் நடந்துகினு கீது, அப்பால போ." ஒலிபெருக்கியில் சொன்னேன்!

திருப்பதி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பினார்: விமானத்தை விட்டு வரும்போது முதுகெலும்பில் விரிசல்தான், உடனே படுக்க வைத்திருந்தால் நடந்திருப்பார். இப்போது கால் அசையவில்லை.

மலை எங்கே, ஆறு எங்கே, எல்லைக்கல் எங்கே, எல்லாம் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியவில்லையே! இந்த நாக்கா உங்களுக்காக மண் கேட்டது?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். செல்லியம்மா, நீங்களும் வர வேண்டும். என்னம்மா? உரக்கச் சொல்லுங்கள்...

"நான் மூணு தபா போய்ப் பாத்துட்டு வந்துட்டேன் சாமி. களி கிண்டி எடுத்துகினு போனேன். துன்னாரு."

கேட்டீர்களா? நமக்கு இந்த ஒரு மாதமாக அந்த ஆஸ்பத்திரிக்கு வழி தெரியவில்லை. இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. செல்லியம்மாவுக்கு என் வணக்கம்.