இரண்டு கேமராவும் ஒரு முகமும்

மேரிம்: அதைக் கேக்கல. காலையில எழுந்ததுலேருந்து வரிசையா சொல்லுங்க.

குபாத்: எழுந்தேன். அடுப்பு பத்த வச்சேன். டீ குடிச்சேன். நேத்து ரொட்டி கிடந்தது, அதைத் தின்னேன். ஷேவ் பண்ணினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வேன் பிடிச்சேன். இந்தக் கடைக்கு வந்தேன்.

மேரிம்: எதுக்கு ஷேவ்?

குபாத்: வளர்ந்திருந்தது.

மேரிம்: அக்கா போன நாள்லேருந்து வளர்ந்துக்கிட்டுத்தான் இருந்தது. இன்னிக்கு என்ன விசேஷம்?

குபாத்: ஒண்ணும் இல்ல.

மேரிம்: இஸ்திரி வேற.

குபாத்: கசங்கியிருந்தது.

யூசுப்: தம்பி, குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. பேசிக்கிட்டே இதையும் பாருங்க. இது சின்னது, சோப்பு டப்பா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, நானும் அப்படியே சொல்றேன். பையில போட்டா போட்டதே தெரியாது. அது பெருசு, கண்ணாடி கேமரா. உள்ள கண்ணாடி இருக்கு, லென்ஸைக் கழட்டி மாட்டலாம். படம் அப்படியே உயிரோட இருக்கும். ஆனா கழுத்து வலிக்கும். பிஷ்கேக் முழுக்கச் சுத்துங்க, இந்த விலைக்கு யாரும் தரமாட்டான். ஆமா, கூட வந்திருக்கறது வீட்டுக்காரம்மாவா?

மேரிம்: இல்ல.

குபாத்: கொழுந்தியா.

யூசுப்: அட, கொழுந்தியாளா. அப்ப எதுக்குத் தம்பி யோசனை. பெருசையே எடுங்க. கொழுந்தியாளைச் சோப்பு டப்பாவுல எடுத்தா காலத்துக்கும் குத்திக் காட்டுவாங்க.

மேரிம்: அண்ணே, உங்க வேலையைப் பாருங்க.

யூசுப்: இதானே தங்கச்சி என் வேலை.

மேரிம்: நான் ஒண்ணும் இவர் கூட வரல. இவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. எதிர் வீட்டு ஆள் சொன்னார், கேமரா வாங்கப் போயிருக்கான், மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போனான்னு.

குபாத்: கேமரான்னு சொன்னேன். மாப்பிள்ளைன்னு சொல்லல.

மேரிம்: கேமரா எதுக்கு?

குபாத்: மலைக்குப் போனா எடுக்கலாம்.

மேரிம்: எந்த மலை?

குபாத்: ஏதாவது ஒண்ணு.

மேரிம்: கோடைக்கு மலை மேல போலாம்னு அக்கா கூப்பிட்டப்பல்லாம் கால் வலிக்குதுன்னு சொன்ன ஆள் நீங்க.

குபாத்: வலிச்சுது.

மேரிம்: இப்ப சரியாயிடுச்சா?

யூசுப்: மலைக்குன்னா சோப்பு டப்பாவே போதும் தம்பி. மலை எங்க ஓடப் போகுது. நிதானமா நின்னு எடுக்கலாம்.

குபாத்: மலை இல்லண்ணே. கிட்டேருந்து எடுக்கணும்.

யூசுப்: பூவா? பூச்சியா?

குபாத்: முகம்.

மேரிம்: யார் முகம்?

குபாத்: அண்ணே, இதுல ஒரு முகத்தை எடுத்தா எவ்வளவு பெருசு பண்ணலாம்?

மேரிம்: அத்தான், உங்களைத்தான். யார் முகம்?

யூசுப்: எவ்வளவு பெருசு வேணும் சொல்லுங்க.

குபாத்: இந்த மேஜை உயரம்.

யூசுப்: மேஜை உயரமா... கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்க வெக்கப் போறீங்களா?

மேரிம்: அதைத்தான் நானும் கேக்கறேன்.

குபாத்: இதோட பெட்டி ஏன் பிரிச்சிருக்கு?

மேரிம்: பேச்சை மாத்தாதீங்க. ஆனா... ஆமாண்ணே, ஏன் பிரிச்சிருக்கு? ஒட்டின தாள் கிழிஞ்சிருக்கே.

யூசுப்: பிரிக்காம எப்படித் தங்கச்சி காட்டறது?

மேரிம்: உள்ள பட்டையில முடி ஒட்டியிருக்கு. வெள்ளை முடி. இது எவனோ மாட்டித் திரிஞ்ச கேமரா.

யூசுப்: என் முடிம்மா அது. நேத்து ஒருத்தருக்கு மாட்டிக் காட்டினேன். நீங்க என்ன வரி ஆபீஸா? வந்ததுலேருந்து கேள்வியாவே இருக்கு.

மேரிம்: மருத்துவக் கல்லூரி. கடைசி வருஷம்.

யூசுப்: அது இன்னும் மோசம்.

மேரிம்: அத்தான். கல்யாணத்துக்குத்தானே கேமரா?

குபாத்: யார் கல்யாணம்?

மேரிம்: சும்மா கேக்காதீங்க. அக்காவோட வருஷ விருந்துக்கு, வெட்டறதுக்குக் குதிரை சொல்லி வச்சாச்சு. அது முடிஞ்சதும் அடுத்த வாரம் இன்னொரு விருந்து. அதானே கணக்கு?

குபாத்: கல்லுக்கு.

மேரிம்: என்ன?

குபாத்: கேமரா. கல்லுக்கு.

யூசுப்: கறுப்புக் கல்லா தம்பி? கல்லறைக்கு முகம் செதுக்கறதா?

குபாத்: ஆமா.

யூசுப்: அடடா... மேஜை உயரம்னீங்களே, எனக்கு அப்பவே தோணியிருக்கணும். வாய் நிக்க மாட்டேங்குது எனக்கு. யாரு தம்பி?

குபாத்: சம்சாரம். ஜிபெக்.

யூசுப்: இந்தத் தங்கச்சிக்கு...

மேரிம்: கூடப் பிறந்த அக்கா.

யூசுப்: உக்காருங்க ரெண்டு பேரும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. டீ இருக்கு.

மேரிம்: டீ வேண்டாம். அத்தான், அக்கா போட்டோ வீடு பூரா இருக்கு. செத்துப் போனவளைப் புதுக் கேமராவுல எப்படி எடுப்பீங்க?

குபாத்: வீட்டுல இருக்கறது எதுவும் ஆகாதாம். கல் செதுக்கறவர்கிட்ட எல்லாத்தையும் கொண்டு போனேன். பெருசு பண்ணிப் பாத்தார். முகம் கரைஞ்சு போகுது. கண்ணு இருந்த இடத்துல கட்டம் கட்டமா இருக்கு.

யூசுப்: போன்ல எடுத்ததா இருக்கும்.

குபாத்: ஆமாண்ணே.

மேரிம்: பாஸ்போர்ட்ல இருக்கறது?

குபாத்: அதுல அவளுக்குப் பதினாறு வயசு. முறைச்சுக்கிட்டு இருக்கா.

மேரிம்: அவ அப்படித்தான்... சரி. அதுக்கு?

குபாத்: அவர் ஒரு வழி சொன்னார்.

மேரிம்: என்ன வழி?

குபாத்: கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டார். உக்கார வச்சு, நல்ல கேமராவுல எடுத்துட்டு வாங்க. கன்னம், தாடை எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். கண்ணை மட்டும் பழைய படத்தைப் பாத்து மாத்திக்கறேன்னார். நிறைய பேர் அப்படிச் செய்யறாங்களாம்.

மேரிம்: என்னை.

குபாத்: அவ தலைத்துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்தா போதும்.

மேரிம்: உயிரோட இருக்கறவளைக் கொண்டு போய்க் கல்லறையில நட்டு வெப்பீங்க.

குபாத்: வேண்டாம்னா வேண்டாம். கேக்கத்தான் உங்க வீட்டுக்கு வர்றதா இருந்தேன். கேமராவை வாங்கிட்டு நேரா. அதான் ஷேவ் பண்ணினேன். தாடியைப் பாத்தா உங்கம்மா அழறாங்க.

யூசுப்: தம்பி, நான் சொல்றேனேன்னு... அந்த மாதிரி ஒரு கல்லை நான் பாத்திருக்கேன். முகம் சரியாத்தான் இருந்தது. ஆனா அந்த வீட்டு ஆளுங்க யாரும் நிமிர்ந்து அதைப் பாக்கல.

மேரிம்: முதல்ல கல்லுல அவ இடம். அப்புறம் வீட்டுல அவ இடம். ரொம்ப நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க.

குபாத்: வீட்டுல எதுக்கு?

மேரிம்: நடிக்காதீங்க அத்தான்.

குபாத்: மேரிம், என்ன சொல்றே?

மேரிம்: இந்த வெயில்ல காது மூடித் துண்டு கட்டியிருக்கேனே, ஏன்னு கேக்கவே இல்லையே நீங்க?

குபாத்: கவனிக்கல.

மேரிம்: இப்ப கவனிங்க.

குபாத்: ...இது எங்கம்மாவோட கம்மல்.

மேரிம்: ஆமா. வெள்ளிக்கிழமை வந்தாங்க. உங்க பெரியம்மாவும் கூட. ஆட்டுக்கறி, ரொட்டி, பட்டுத் துணி எல்லாம் வந்தது. நான் காலேஜ் முடிச்சு உள்ள நுழையறேன், உக்கார வச்சுக் காதுல மாட்டிட்டாங்க. எங்கம்மா அழுதுக்கிட்டே தலையில சர்க்கரை தூவினாங்க.

யூசுப்: பேசி முடிச்சாச்சா...

மேரிம்: கம்மல் ஏறிட்டா முடிஞ்ச மாதிரிதானேண்ணே.

குபாத்: எனக்குத் தெரியாது.

மேரிம்: உங்கம்மா செய்யறது உங்களுக்குத் தெரியாது.

குபாத்: தெரியாது.

மேரிம்: நம்பணுமா நான்?

குபாத்: உங்கம்மாதான் உன்னை இங்க அனுப்பினாங்களா?

மேரிம்: ஆமா. கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருக்கவும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். மாப்பிள்ளை எந்தக் கேமரா வாங்கறார் பாத்துட்டு வா, பெருசு வாங்கினா மண்டபம் பிடிக்கப் போறார்னு அர்த்தம், அப்படின்னாங்க.

யூசுப்: அது ஒரு கணக்கா.

மேரிம்: எங்க வீட்டுல இப்ப எல்லாமே கணக்குத்தான்ணே. அத்தான், இதை யார் ஆரம்பிச்சதுன்னு உங்களுக்குத் தெரியும். ஜூரா சித்தி. துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துல வச்சு, அத்தனை பொம்பளைங்க முன்னாடி சொன்னாங்க. 'ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளிய நின்னேன், என் காதால கேட்டேன், என் தங்கச்சியை இவருக்குக் கொடுங்கன்னு ஜிபெக் கடைசியா சொன்னா'ன்னு.

குபாத்: கேள்விப்பட்டேன்.

மேரிம்: கேள்விப்பட்டீங்க. உள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ஒரு வருஷம் ஆகப் போகுது. உங்களுக்கு வசதியா இருந்தது, வாயை மூடிக்கிட்டீங்க. நான் அப்படித்தான் நினைக்கறேன்.

குபாத்: அவ அப்படிச் சொல்லல.

மேரிம்: இப்ப சொல்றீங்க.

குபாத்: உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லல.

மேரிம்: இதை அன்னிக்குச் சொல்றதுக்கு என்ன?

குபாத்: நான் கூடாரத்துக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். வர்ற ஒவ்வொருத்தரையும் கட்டிப் பிடிச்சு அழணும். உள்ள பொம்பளைங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு யார் சொல்லுவா? அப்புறம் தெரிஞ்சப்போ... அது ஏதோ சொல்றாங்கன்னு விட்டுட்டேன். கம்மல் வரைக்கும் போகும்னு நினைக்கல.

மேரிம்: விட்டுட்டீங்க.

குபாத்: அந்தக் கல்லை வந்து பாரு. அகலமான கல். இந்தப் பக்கம் அவளுக்கு. அந்தப் பக்கம் வெறுமனே விட்டிருக்கு.

மேரிம்: யாருக்கு?

குபாத்: எனக்கு. பேர் கூடச் செதுக்கச் சொல்லிட்டேன். சாகற வருஷம் ஒண்ணுதான் பாக்கி.

யூசுப்: இந்த வயசுலயா தம்பி...

குபாத்: இன்னொரு கல்யாணம் பண்ணிக்கறவன் அப்படிச் செய்வானா?

யூசுப்: நான் கீழ போய் பேட்டரி வாங்கிட்டு வரேன். கடையைப் பாத்துக்கங்க. பெருசைத் தூக்கிட்டு ஓடிராதீங்க, கழுத்து வலிக்கும்.

மேரிம்: நல்ல மனுஷர். முடி மட்டும் அவரோடது இல்ல.

குபாத்: கம்மலைக் கழட்டிக் குடு. எங்கம்மாகிட்ட நானே குடுத்துடறேன்.

மேரிம்: இந்தாங்க. வலது காது சீழ் பிடிச்சிருச்சு. உங்கம்மா கை ரொம்ப அழுத்தம்.

குபாத்: மருந்து போடு.

மேரிம்: எனக்கே சொல்லுங்க... கல்லுல முகம் வேண்டாம் அத்தான். பேர் போதும். பிறை நிலா ஒண்ணு போடச் சொல்லுங்க.

குபாத்: சரி.

மேரிம்: கோபமா?

குபாத்: இல்ல. நானும் நிமிர்ந்து பாத்திருக்க மாட்டேன்.

மேரிம்: அப்ப வாங்க, போலாம். அவர் வந்ததும் சொல்லிட்டுக் கிளம்பலாம்.

குபாத்: நீ போ. நான் வாங்கிட்டு வரேன்.

மேரிம்: எதை?

குபாத்: கேமரா.

மேரிம்: முகம் வேண்டாம்னாச்சு. கல்யாணமும் இல்லைங்கறீங்க. அப்புறம் எதுக்குக் கேமரா?

குபாத்: வாங்கணும்.

மேரிம்: திரும்ப ஆரம்பிக்காதீங்க. இன்னும் எதையோ மறைக்கறீங்க. கம்மலைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறீங்க, கண்ணு அந்தச் சோப்பு டப்பா மேலயே இருக்கு. நான் வந்ததுலேருந்து பாக்கறேன், பேச்செல்லாம் பெருசைப் பத்தி, கை சின்னதை விடவே இல்ல.

குபாத்: கல்லுக்குப் பெருசு வேணும்னார். ஆனா...

மேரிம்: ஆனா?

குபாத்: கேட்டா சிரிப்பே.

மேரிம்: சிரிக்கற மாதிரியா இருக்கேன்? அத்தான், வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்? அவ என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலைன்னா நம்ப மாட்டாங்க. ஜூரா சித்தி வாய்க்கு எதிரா என்கிட்ட ஏதாவது இருக்கணும். அவ என்ன சொன்னாளோ அதை அப்படியே குடுங்க. ஒரு எழுத்து மாத்தாம.

குபாத்: அது ஒரு சாவு வீட்டுல சொல்ற பேச்சே இல்ல. எல்லாரும் கேட்டாங்க, கடைசியா என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னான்னு. மாமா மண்டி போட்டுக் கேட்டார். அதைப் போய் எப்படிச் சொல்றது? அதான் வாயே திறக்கல.

மேரிம்: எனக்குச் சொல்லுங்க.

குபாத்: அன்னிக்கு டாக்டர் பேசிட்டுப் போயிட்டார். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கப்புறம் என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. நான் கேமராவைப் பத்தி ஆரம்பிச்சேன். கோடைக்கு மலைக்குப் போலாம், இந்தத் தடவை கால் வலின்னு சொல்ல மாட்டேன், அதுக்கு ஒண்ணு வாங்கலாம், பெருசா சின்னதான்னு கேட்டேன். ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தா. தூங்கிட்டான்னு நினைச்சேன்.

மேரிம்: அப்புறம்?

குபாத்: "சோப்பு டப்பாவையே வாங்கு. பெருசை வாங்கினா பீரோவுல வச்சுப் பூட்டிருவே, உன்னை எனக்குத் தெரியாதா."