இடது பின் டயர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஆபீசர். அந்தக் கருவி மிக நல்ல கருவி. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள ட்ரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டயரில் காற்று குறைந்தால் உடனே கத்தும், எந்த டயர் என்பதையும் திரையில் காட்டும். பேட்டரி சீக்கிரம் தீராது. என் கணவர் மெர்வினின் சாவுக்கு அந்தக் கருவியின் கோளாறுதான் காரணம் என்று எழுதப்போவதாக நேற்றுச் சொன்னீர்கள். அப்போதிருந்து எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தன் வேலையை ஒழுங்காகச் செய்த பொருள்மேல் பழி போடுவது நியாயமில்லை. அதனால்தான் திரும்ப வந்தேன்.

அதைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. என்னைப் பார்த்து, பழகி, கல்யாணம் செய்துகொள்ள மெர்வினுக்கு ஒரு கோடைக்காலம் போதுமாயிருந்தது. டயர் கருவிக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. நெப்ராஸ்காவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது. யார் யாரோ இணையத்தில் எழுதிய விமர்சனங்களை அச்செடுத்துப் பரப்பி வைத்திருப்பார். ட்ரெய்லர்களை நிறுத்தித் தங்குகிற முகாமிலெல்லாம் ஆண்கள் மடக்கு நாற்காலியைப் போட்டு, பீரும் கையுமாக இதே பேச்சுதான். பின் சக்கரத்திலிருந்து சிக்னல் முன்னால் வந்து சேருமா, வெயிலில் டயர் சூடேறினால் வீணாகக் கத்துமா என்று விடிய விடியப் பேசுவார்கள். நான் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். காபி ஊற்றுகிறவளுக்கும் காது உண்டு.

மெர்வின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம்தான் அவருக்குச் சரி. மழை வரும்போலிருக்கிறது என்றால் போர்வையைக் கொண்டுபோய்க் கொடியில் போடுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு விழுந்ததில்லை. நான் சொல்வதைக் கேட்கமாட்டார், அவ்வளவுதான். அவர் செத்ததும் அதனால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் இரண்டு கருவிகள் மிஞ்சின. ஒன்றில் காற்றை அளக்கிற சென்சார் டயருக்கு உள்ளே, சக்கரத்தோடு சேர்ந்திருக்கும். மெக்கானிக் இல்லாமல் கழற்ற முடியாது. மற்றதில் வால்வு மூடி இருக்கிற இடத்தில் அதைத் திருகி வைக்க வேண்டும். விரலாலேயே கழற்றலாம், மாட்டலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அதனால் முதலாவதைப் புகழ்ந்தேன்.

"உள்ள வைக்கிறதுதாங்க நல்லது. யாரும் கை வைக்க முடியாது பாருங்க," என்றேன்.

மெர்வின் பக்கத்து ட்ரெய்லர்க்காரர் க்ளிஃபர்டைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டுக்கய்யா. எங்க வீட்டு எஞ்சினீயரம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க."

"தங்கச்சி சொல்றதுலயும் நியாயம் இருக்குப்பா," என்றார் க்ளிஃபர்ட். "வெளிய இருந்தா எவனாவது கழட்டிட்டுப் போயிடுவான்."

"டயர் மூடியைத் திருடி என்னய்யா பண்ணப்போறான், கம்மல் போட்டுக்குவானா? நீ வேற. இவளுக்கு டயர் வட்டமா இருக்கும்னு தெரிஞ்சதே என்னைக் கட்டிக்கிட்ட பிறகுதான்."

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே திருகுகிற வகைக்கு ஆர்டர் போட்டார்.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வரட்டும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்த ஆர்டருக்குக் கொஞ்சநாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறியை அறுத்துக்கொண்டே, வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். உப்பை எடு என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"இனிமே ட்ரெய்லர்தான் நமக்கு வீடு. அரிசோனா வெயில்ல காலை நீட்டிட்டு உக்காந்துக்கலாம். வாங்குற ஆளையும் பேசி முடிச்சாச்சு. அடுத்த பயணம் போய்ச் சேர்ந்ததும் ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டா வேலை முடிஞ்சுது."

"எனக்கு இஷ்டமில்லீங்க. நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"ட்ரெய்லர் வாங்கினப்பவும் இதைத்தான் சொன்னே. அப்புறம் அதுக்குத் திரை தைச்சது யாரு, எங்க ஆத்தாவா?"

தைத்தது நான்தான். பூப்போட்ட துணி வேறு.

அந்த வீடு எனக்கு உயிர், ஆபீசர். பெரிய வீடில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார அதில் எனக்கொரு அறை இருந்தது. ட்ரெய்லரில் அவர் குறட்டை விட்டால் என் தலையணை அதிரும். நான் பெருமூச்சு விட்டால் என்ன குறை உனக்கு என்று கேட்பார். இனிச் சாகும்வரை அந்தப் பெட்டிக்குள் அவரோடு என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாமே, விவாகரத்து வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கெல்லாம் வாக்குவாதம் செய்ய வேண்டும். மெர்வினோடு வாக்குவாதம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நான் எடுத்தது எவ்வளவு சுலபமான வழி என்று.

முன்பெல்லாம் கிளம்புமுன் ஒவ்வொரு டயரையும் குனிந்து பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். கருவி வந்தபின் காபியோடு, ட்ரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்ப்பதோடு சரி. முந்தாநாள் காலை அவர் முகாமின் குளியலறைக்குப் போயிருந்தார். ட்ரெய்லரின் பின் டயர்கள் இரண்டிலும் இருந்த சென்சார்களைக் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினேன். எது எந்தப் பக்கம் என்று அவற்றின்மேல் சின்ன ஸ்டிக்கர் இருந்தது. நகத்தால் உரித்து அதையும் மாற்றி ஒட்டினேன். வலது டயரில் மட்டும் கடைசிவரை இறுக்கவில்லை. அப்படி விட்டால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், திரையோ இடது டயரைக் காட்டும். க்ளிஃபர்ட் ஒரு தடவை சரியாக இறுக்காமல் விட்டுக் காற்று இறங்கியதை வைத்து மெர்வின் ஒரு மாலை முழுக்கக் கேலி பேசினார். அப்போது கற்றுக்கொண்டதுதான். பிறகு கையைக் கழுவிவிட்டு அவருக்கு முட்டை பொரித்து வைத்தேன்.

நெடுஞ்சாலையில் ஓரங்கட்டினால் வலது பக்கம் புல்லும் வேலியும்தான். இடது பக்கம் லாரிகள். டயர் உண்மையிலேயே கெட்டிருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், எழுந்து வந்துவிடுவார். நல்ல டயரில் என்ன கோளாறு என்று தேடத்தான் நேரமாகும். மெர்வின் விடாப்பிடிக்காரர், கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். நானும் அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

அவர்மேல் மோதிய அந்த லாரியின் ஓட்டுநர் நேற்று உங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, பார்க்கவே பாவமாக இருந்தது. ஓட்டுநர்மேல் தப்பில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் போய்ச் சொன்னால் நன்றாக இருக்காது.

நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் பொய் எதுவும் இல்லை. கேலப் ஊர் வருவதற்கு முன்பே கருவி கத்தியது. மெர்வின் உடனே ஓரங்கட்டினார். திரையில் இடது பின் டயர் சிவப்பாக மின்னியது. "எனக்கென்னவோ வலது பக்கம்தான் காத்து இறங்கியிருக்குன்னு தோணுதுங்க," என்று சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். கேட்டால் பிழைத்துக்கொள்வார், கேட்காவிட்டால் அது அவர் பாடு. ஒரு மனைவி இதைவிட நியாயமாக நடந்துகொள்ள முடியாது.

நேற்று அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கதவில் கை வைத்த மெர்வின் அப்படியே நின்றார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இருந்தாலும் இருக்கும். நீ உன் பக்கத்துக் கண்ணாடில பார்த்திருப்பே," என்றார். "கொஞ்சம் இறங்கி வழிவிடு, டார்லீன். உன் பக்கமாவே வந்து முதல்ல அதைப் பார்த்துடறேன்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் விட்டுவிட்டு இன்றைக்குத்தானா என்று இருந்தது. நான் இறங்கவில்லை. காலைக்கூட நகர்த்தவில்லை.

"வேண்டாங்க," என்றேன். "எனக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்? நீங்க பார்த்துப் பார்த்து வாங்கினது பொய் சொல்லுமா? இடது பக்கமே பாருங்க."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. "இப்பதான் உருப்படியா ஒரு வார்த்தை பேசியிருக்கே," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார்.

அவர் என் பேச்சைக் கேட்டார், ஆபீசர்.