நான்கு பந்துகளை விட்டவர்

அவைத்தலைவி தோன்யா எர்மினியா அவர்களே, சாந்தா இனேஸ் ஊரின் பெரியோர்களே, அடுப்பில் பீன்ஸை வேகவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் மட்டைவீரர்கள் இருவரே, வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் அண்ணன் அனிபால் வீட்டுக் கதவைத் தட்டினேன். நம் புதிய பேஸ்பால் மைதானத்துக்கு அவர் பெயரா, இங்கே அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நெரேயோவின் பெயரா? பெயர் வைக்கும் குழுவில் ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. ஐந்தாவது ஓட்டு என்னுடையது.

"ஓட்டு எனக்குத்தானே தங்கச்சி?"

"காப்பி ஆறுது, குடிங்கண்ணே" என்றேன்.

என் அண்ணன் சிறியவரா? கடல் தாண்டி வடக்கே பெரிய மைதானங்களில் பந்தை வேலி தாண்டி விரட்டியவர். அவர் மட்டை ஓங்கினால் வானொலி முன் இந்த ஊரே மூச்சடக்கி நின்றது. மறுக்க முடியுமா? நான் மறுக்கவில்லை.

ஆனால் இளைஞர்களாக இருவரும் ஆடிக் காட்டிய அந்தத் தேர்வு நாளை நினைத்துப் பாருங்கள். வடக்கிலிருந்து ஆளெடுக்க வந்தவர் நிழலில் அமர்ந்திருந்தார். தீவை விட்டுப் போக வேண்டுமானால் வருவதையெல்லாம் அடிக்க வேண்டும்; நம் பிள்ளைகளுக்கு அன்றும் அதுதான் பாடம், இன்றும் அதுதான் பாடம். அண்ணன் தலைக்கு மேல் வந்ததையும் அடித்தார். பந்து கரும்புக்காட்டில் விழுந்தது. அவர் விமானம் ஏறினார். நெரேயோவுக்கு வந்த நான்கும் அடிக்கும் எல்லைக்கு வெளியே போன தவறான பந்துகள். நான்கையும் அடிக்காமல் விட்டார். நான்கு தவறான பந்துகளுக்கு விதி தருகிறபடி, அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்தார். நடையைப் பார்க்கவா அந்த மனிதர் கடல் கடந்து வந்தார்? அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

"நடந்து போனவரு பேருல மைதானமா டீச்சர்?"

கேட்பது சிச்சோதானே? உட்காருங்கள், பதில் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கின் வேகப்பந்து வீரர்கள் கை பழக இங்கே வந்தார்களே, அவர்கள் எதிரே அசையாமல் நின்றது யார்? நெரேயோ. நல்ல பந்தை நொறுக்கியது யார்? நெரேயோ. கெட்ட பந்தைத் தீண்டாதது யார்? நெரேயோ. அண்ணன் ஊருக்கு வந்து ஆடியபோதெல்லாம், அவர் அடித்த அடிக்கு ஓட்டம் சேர்க்க முன்கூட்டியே தளத்தில் ஏறி நின்றது யார்?

"நீ யாரு பக்கம் தங்கச்சி?" என்கிறார் அண்ணன்.

"விடுப்பா, பேசட்டும்" என்கிறார் நெரேயோ.

பேசிவிடுகிறேன். எதையும் அடித்து விமானம் ஏறியவர்களை எண்ணிவிடலாம். எதையும் அடித்துத் தோற்று, இந்தத் தெருக்களில் நிற்கும் பிள்ளைகளை யார் எண்ணுவது? அவர்கள் நுழையும் வாசலில், பொறுத்து நின்று ஆடியவரின் பெயர் இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் குழு கூடும். அண்ணா, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். என் ஓட்டு நெரேயோவுக்கு.

வெயிலில் நின்று கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.