முட்டையை மாத்திக்கற மீனு

சுகன்யா: ...இல்லீங்ணா, இது வேற மீனு. இதுக்கு ஒரே உடம்புல ஆணும் இருக்கும், பொண்ணும் இருக்கும்.

காளிதாஸ்: இப்பத்தான பெருசானா பொண்ணு ஆணா மாறும்னு சொன்ன?

சுகன்யா: அது களவா மீனு. சின்னதா இருக்கறப்ப முட்டை வெக்கறதுதான் அதுக்கு லாபம். பெருசாயிட்டா மத்த ஆணையெல்லாம் வெரட்டி உட்டுட்டு...

காளிதாஸ்: எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சு. போர் போடற ரிக் வண்டியோட பாதி நாட்டச் சுத்திட்டேன். ஒண்ணும் மாறல, கல்யாணமும் ஆகல.

சுகன்யா: கிண்டல் பண்ணாதீங்ணா. நாளைக்குச் சாயங்காலம் கிளாஸ்ல இதப் பத்தி நான் பேசோணும். நாலு தடவ எழுதிப் பாத்துட்டேன், இன்னமும் சரியான்னு... இந்த ஒரு தடவையாச்சும் நல்லாப் பேசீரோணும். உங்க போன் அடிக்குது.

காளிதாஸ்: அடிக்கட்டும். நத்தையும் இப்புடித்தான்னு சொன்னியே?

சுகன்யா: நத்தை மெதுவாப் போகுது. இன்னொரு நத்தையப் பாக்கறதே அபூர்வம். பாத்த நத்தையும் தன்னாட்டவே ஆணாப் போயிட்டா வீண்தான? ரெண்டுமா இருந்தா, எதப் பாத்தாலும் குடும்பம் நடத்தலாம்.

காளிதாஸ்: எனக்குப் பொண்ணு தேடி நாம பதினேழு ஊடு பாத்தோம்.

சுகன்யா: அதான் வாழப்பாடிக்காரங்க நாளைக்கு வாராங்களே, அவங்க பொண்ணு அகல்யாவ உங்களுக்கு உறுதி பண்ண.

காளிதாஸ்: ...ம். நீ அந்த மொத மீனச் சொல்லு.

சுகன்யா: முட்டை வெக்கறதுதான் கஷ்டம். ஆணா இருக்கறது சுலுவு. அதனால ரெண்டு மீனுமே, நீ முட்டை வெய்யி, நான் ஆணா இருந்துக்கறேன்னுதான் பாக்கும்.

காளிதாஸ்: அப்பறம் எப்புடி ஆகும்? கொழப்பற.

சுகன்யா: எனக்கும் அங்கதான் கொழப்பம்... ஒண்ணு கொஞ்சம் முட்டை குடுக்கும். அப்பறம் மாத்தி மத்தது குடுக்கோணும். குடுக்கலீன்னா இது உட்டுட்டுப் போயிரும். ஏமாத்த முடியாததுனாலதான் ரெண்டு மீனும் ஆணும் பொண்ணுமாவே இருக்குதாம்.

காளிதாஸ்: பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறாப்புல.

சுகன்யா: யாரச் சொல்றீங்க?

காளிதாஸ்: மீனத்தான் சொன்னேன்.

சுகன்யா: தெரியுமுங்ணா. அகல்யாவக் குடுக்கோணும்னா அவ அண்ணன் ஈஸ்வருக்கு என்னையக் கேக்கறாங்க. கல்யாணத்துக்கு அப்பறம் கிளாஸு வேண்டாம்னும் சொல்லியிருக்காங்க. அம்மா ஞாயித்துக்கெழமையே சொல்லிருச்சு.

காளிதாஸ்: உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லியிருந்தேன்.

சுகன்யா: எத்தன நாளைக்கு மறைப்பீங்க?

காளிதாஸ்: இன்னைக்கு வரைக்கும்... சாமி, அந்த மீனு அதோட முட்டையத்தான் குடுக்குது. நான் உன்னைய எப்புடிக் குடுக்க?

சுகன்யா: அண்ணா...

காளிதாஸ்: இரு, சொல்லி முடிச்சர்றேன். காலைல ஒம்பது மணிக்குப் போன் போட்டு இந்தச் சம்பந்தம் வேண்டாம்னுட்டேன். நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. நீ பாட்டுக்கு கிளாஸுக்குப் போ.

சுகன்யா: ஒம்பது மணிக்கா?

காளிதாஸ்: ஆமா. அப்பருந்து அவங்கதான் கூப்புட்டுக்கிட்டே இருக்கறாங்க. வேண்டாம்னவன எதுக்குக் கூப்புடறாங்கன்னுதான் புரியல... பாரு, மறுக்கா அடிக்குது.

சுகன்யா: எதுக்குன்னு எனக்குத் தெரியுமுங்ணா. ஒம்பதரைக்கு அகல்யாகிட்ட நான் பேசினேன். நீங்க இன்னும் பதினெட்டாவதா ஒரு ஊடு தேடிப் போக வேண்டாம்னு... ஈஸ்வரக் கட்டிக்கறேன்னு சொல்லிட்டேன்.