ஒன்பதரை மணிக்குக் கூப்பிடுகிறவள்

— குறைச்சுட்டேன்பா, குறைச்சுட்டேன். மூணு வாரமா 'ரேடியோவக் குறைங்க, ரேடியோவக் குறைங்க'ன்னு நீயும் சொல்ற, நானும் குறைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அடுப்புல எண்ணெய் காயுது, சீக்கிரம் கேளு.

— கேக்கறேன் அம்மா. உங்க ரேடியோ சத்தமா இருந்தா இங்க ஊளையிடும், அதுக்குத்தான். இது 'காலைக் குரல்', நான் உங்க லெனார்ட். பேர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். எங்கேருந்து பேசறீங்க?

— மோர்ன் கப்ரி. நேத்தும் இங்கேருந்துதான் பேசினேன்.

— நல்லது அம்மா. பதமாச் சொல்லுங்க, தீவு முழுக்கக் கேட்டுக்கிட்டிருக்கு.

— நாப்பதாயிரம் பேரும் கேக்கறாங்களா? அப்ப நாப்பதாயிரம் பேருக்கும் சொல்றேன். எங்க ஆத்துக்கு மேல பாலம் கிடையாது. பழைய பாலத்தப் புயல் அடிச்சுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கரையில ஒரு பலகை நிக்குது, 'பாலம் கட்டி முடிக்கப்பட்டது'ன்னு, மந்திரி பல்லக் காட்டற படத்தோட. பலகைக்குப் பின்னாடி ரெண்டு தூணு. தூணு மேல கொக்கு உக்காந்திருக்கு. அவ்வளவுதான் பாலம்.

— கொக்குக்காவது பயன்படுதே அம்மா.

— சிரிக்காத. போன மாசம் வெள்ளம் வந்தப்ப எங்கண்ணி ஆக்னித்தாவுக்கு நெஞ்சு வலி. கதவக் கழட்டி, அதுல படுக்க வெச்சு, ஆத்தங்கரை வரைக்கும் தூக்கிட்டுப் போனோம். அந்தக் கரையில ஆஸ்பத்திரி. நர்சம்மா குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது தெரியுது. கூப்பிட்டாக் காது கேக்கற தூரம். தண்ணி வடியட்டும்னு நாலு மணி நேரம் நின்னோம். அவளால அவ்வளவு நேரம் தாங்க முடியல.

— கடவுள் அவங்களுக்கு அமைதி தரட்டும் அம்மா.

— அமைதியக் கடவுள் தருவாரு. சிமெண்டுக்கு யாரக் கேக்கறது? எங்க போச்சுன்னு சொல்லட்டுமா? மந்திரியோட தம்பி கடலோரத்துல மூணு மாடி விடுதி கட்டறான். வெள்ளைக்காரங்க காலை நீட்டிக்கிட்டு ரம் குடிக்கப் போற அந்த மாடியெல்லாம் எங்க பாலம்தான்.

— அம்மா, அம்மா. கொஞ்சம் பதமா. நம்ம நிகழ்ச்சியில எல்லாரும் பதமாப் பேசறோம்.

— பதமாப் பேசத்தான் நானும் பாக்கறேன், வரமாட்டேங்குது. என் மக நிறைமாசமா இருக்கா. இன்னும் பத்தே நாள். வானம் வேற தினமும் கறுத்துக்கிட்டு வருது. அதனாலதான் கூப்பிடறேன். சனிக்கிழமை காலையில எல்லாரும் ஆத்தங்கரைக்கு வாங்க, நூறு பேரு போய் ரோட்ட மறிச்சா மந்திரி வந்துதான ஆகணும்னு இதே ரேடியோவுல கெஞ்சினேன். முதல் சனிக்கிழமை நானும் என் நாயும் நின்னோம். அடுத்த சனிக்கிழமை நான் மட்டும்தான். நாய்க்கே அலுத்துப்போச்சு.

— ஜனங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் அம்மா.

— எலக்சனுக்கு மஞ்சப் பனியன் குடுத்தப்ப வேலை இல்லியே. கூரைத் தகடு லாரியில வந்தப்ப முட்டி மோதினாங்களே, அப்ப வேலை இல்லியே. இப்ப என் கடைக்கு வர்றாங்க, திங்கறாங்க, கிரிக்கெட் பேசறாங்க. பாலத்தப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. சரி, நம்ம ஊர்ப் பழக்கம் எனக்கும் தெரியும். ரேடியோவுல யார் குரலக் கேட்டாலும் அவங்க மொகத்துக்கு நேரா, கேட்டதாக் காட்டிக்க மாட்டோம். பேர் சொல்லாமப் பேசினவங்களுக்கு நாம குடுக்கற மரியாதை அது. ஆனா கண்ணால ஒரு சாடை காட்டலாம்ல? கையக் கொஞ்சம் அழுத்திட்டுப் போகலாம்ல? என் ஜனங்கன்னு நெனச்சேன். எல்லாம் கல்லு.

— மனச விட்டுடாதீங்க அம்மா.

— அதுல பெரிய கல்லு யாரு தெரியுமா? எங்கண்ணன். ஆக்னித்தாவோட புருஷன். அந்த ரெண்டு தூணையும் நிறுத்தின மேஸ்திரியே அவன்தான். 'வேலை முடிஞ்சுது'ன்னு காகிதத்துல கையெழுத்துப் போட்டதும் அவன்தான். சிமெண்டு எந்த லாரியில ஏறிச்சு, எங்க இறங்கிச்சு, அத்தனையும் அவனுக்குத் தெரியும். பொண்டாட்டியப் பொதைச்சுட்டு வந்து, வாயத் தெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அடுத்த வேலையும் மந்திரிகிட்டேருந்துதான வரணும். அவன் வீட்டத் தாண்டறப்பெல்லாம் நான் மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போறேன்.

— அவரைப் பத்தி வேண்டாமே அம்மா.

— ஏன் வேண்டாம்? அவனும் கேக்கட்டும். கேட்டு வெக்கப்படட்டும்.

— வெர்லின். அடியே வெர்லின். ரெண்டு பொரிச்ச ரொட்டி குடு, உள்ள உப்புமீனு வெச்சு.

— ஒரு நிமிஷம் இரு ஃபிலோ அக்கா, ஃபோன்ல இருக்கேன்.

— பேசு, பேசு, எனக்கென்ன அவசரம். ஏண்டி, ரேடியோவ எறும்புக்கு மட்டும் கேக்கற மாதிரி வெச்சிருக்க? சாவு அறிவிப்பு சொல்ற நேரம். கப்பல்காரர் அம்மாவுக்கு எத்தன மணிக்கு அடக்கம்னு தெரியணும். கொஞ்சம் ஏத்தறேன்.

— ஏத்தாத அக்கா, ஊளையிடும்.

— என்ன ஊளையிடுது? கோயில் பாட்டுல்ல போகுது.

— என்ன பாட்டு?

— நீயே கேளு. இந்த லெனார்டுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. மூணு வாரமா நடுநடுவுல பேச்ச நிறுத்திட்டு இந்தப் பாட்டயே போடறான். மாதாவே, எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

— லெனார்ட்.

— சொல்லுங்க அம்மா.

— இப்ப நீ 'சொல்லுங்க அம்மா'ன்னது ஃபோன்ல கேட்டுது. ரேடியோவுல கேக்கல. ரேடியோவுல பாட்டு போகுது. என் பேச்சு ரேடியோவுல போகுதா, இல்லியா?

— ரேடியோவத் திரும்பக் குறைச்சு வெச்சுடுங்க அம்மா.

— போகுதா, இல்லியா?

— இல்ல, வெர்லின்.

— என் பேரு உனக்குத் தெரியுமா?

— உங்க குரல் தெரியாதவங்க யாரு இருக்காங்க.

— நேத்துப் பேசினது?

— போகல.

— ஆக்னித்தா செத்த கதைய மொத மொதல்ல சொல்லி அழுதேனே, அது?

— 'பாலம்'னு நீங்க ஆரம்பிச்ச வரைக்கும் போச்சு.

— அப்ப மூணு வாரமா உன் ஒருத்தன் காதுலதான் நான் கத்திக்கிட்டு இருந்திருக்கேன். தீவு முழுக்கக் கேக்குதுன்னு வாய் கூசாமச் சொன்னியே. பிடிக்கலேன்னா ஃபோன வெச்சிருக்கலாமே, எதுக்குடா இந்த நாடகம்?

— வெச்சா நீங்க தெருவுல எறங்கிடுவீங்க. மேலேருந்து சொன்னதே அதான். 'யாரையும் தடுக்காத, யாரையும் கோபப்படுத்தாத, பொறுமையாக் கேளு. பேசி முடிச்சா மனசு ஆறிடும், அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிடுவாங்க.' முடியாதுன்னா நிலையத்த மூடிடுவேன்னாங்க. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு வெர்லின்.

— மந்திரி திருடன்னு எனக்குத் தெரியும். அவன நான் நம்பவே இல்ல, அதனால அவன் மேல எனக்கு வருத்தமும் இல்ல. உன்ன நம்பினேன். உன்கிட்டப் பேசிட்டு வெச்சா அன்னைக்குப் பூரா நெஞ்சு லேசா இருக்கும். அத வெச்சுத்தான் என்னக் கட்டிப் போட்டிருக்க. வயிறு எரியுதுடா எனக்கு.

— யாருடி அது, லெனார்டா? என்ன சொல்றான்?

— நான் பேசினது எதுவும் வெளிய போகலியாம் அக்கா. மூணு வாரமா, பாலத்தப் பத்தி.

— இங்க குடு ஃபோன. தம்பி, நான் ஃபிலோமென். போன செவ்வாக்கிழமை நான் பேசினது போச்சா?

— இல்ல அக்கா.

— அட மாதாவே.

— நீ எதுக்கு அக்கா பேசின?

— ஆக்னித்தாவுக்காகத்தாண்டி. பேசிட்டு நேரா உன் கடைக்குத்தான் வந்தேன். நீ ஒண்ணுமே காட்டிக்கல. மரியாதைக்குத்தான் காட்டிக்கலன்னு நெனச்சேன். அப்புறம், இவளும் பயந்துட்டாளேன்னு வீட்டுக்குப் போய் உன்னத் திட்டினேன்.

— நான் உன்னக் கல்லுன்னு சொன்னேன் அக்கா. இப்பத்தான், இவன்கிட்ட.

— சொன்னாச் சொல்லிட்டுப் போ. அவன்கிட்டக் கேளு, இன்னும் எத்தன பேரு இப்படி ஏமாந்து நிக்கறோம்னு.

— லெனார்ட், எத்தன பேரு?

— வேண்டாம் வெர்லின். என் வேலை போயிடும்.

— என் மகளுக்கு வலி எடுத்து நான் ஆத்தங்கரையில நின்னா உன் வேலை வந்து தூக்குமா? எத்தன பேரு?

— உங்க ஊர்லேருந்து மட்டும் நாப்பதுக்கு மேல. நர்சம்மா, பஸ் டிரைவரு, மீன்காரங்க. எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, 'ஏன் வேற யாருமே பேச மாட்டேங்கறாங்க?' பள்ளிக்கூட வாத்தியாரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்கன்னாரு. ரெண்டு ஞாயித்துக்கிழமை அவரும் ஆத்தங்கரையில தனியாத்தான் நின்னாராம்.

— நாப்பது பேரு. நாப்பது பேரும் பேசியிருக்காங்க. எங்கண்ணன் ஹில்ட்டன் ஒருத்தன் மட்டும்தான் வாயத் தெறக்கல.

— ஹில்ட்டன் தினமும் எட்டு மணிக்கு மொத ஆளாக் கூப்பிடறாரு வெர்லின். லாரி நம்பரு, தான் போட்ட கையெழுத்து, ஒண்ணு விடாமச் சொல்லிட்டு, 'இவ்வளவையும் கேட்டப்புறமும் என் தங்கச்சி என் மொகத்தப் பாக்க மாட்டேங்கறா'ன்னு அழறாரு.